காய்ச்சலுக்கு அந்த ஊசியைப் போடும் முன்: காரைக்குடி வட்டார டாக்டர்களுக்கும் மருந்துக்கடைக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், திருப்பத்தூர் பக்கங்களில் கிளினிக் நடத்தும் டாக்டர்களுக்கும், மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசி மழை பிடித்ததும் காய்ச்சல், உடம்புவலி, வறட்டு இருமல் என்று ஆட்கள் உங்கள் வாசலில் வரிசை கட்டுவார்கள். சில வருஷம் மாசி, பங்குனியிலும் இன்னொரு சுற்று வரும். அதில் ஒரு பங்கு டெங்கு, ஒரு பங்கு இன்ஃப்ளுயன்சா என்ற ஃப்ளூ, மீதி ஏதேதோ. வந்தவர்களில் பலர் இடுப்பில் ஓர் ஊசியோடும், கையில் சின்னக் காகிதக் கவரில் பெயர் தெரியாத நாலைந்து மாத்திரைகளோடும் வீடு திரும்புவார்கள். அந்த ஊசியிலோ கவரிலோ டெக்சாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசொலோன் என்று ஏதாவது ஒரு ஸ்டீராய்டு (உடம்பின் எதிர்ப்பு வேகத்தை அடக்கும் மருந்து) இருப்பது நம் பக்கம் அதிசயமில்லை. சாதாரணக் காய்ச்சலுக்கு அதைக் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் டாக்டர் இல்லை, கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவள். வைத்தியத்தில் மூக்கை நுழைக்க இவள் யார் என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் நான் வகுப்பில் நடத்தும் பாடத்துக்கும் நீங்கள் போடும் ஊசிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. இன்ஃப்ளுயன்சா ஆராய்ச்சியில் கடந்த பதினைந்து இருபது வருஷமாக ஒரு பெரிய யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது: வைரஸை அடிக்காமல், வைரஸ் நம்பியிருக்கும் மனிதப் புரதங்களை அடித்தால் என்ன? அப்படி உடம்பின் சொந்தப் புரதத்தைப் பிடித்து வேலை செய்யும் மருந்துகளில் மிகப் பழையதும் மிக முரட்டுத்தனமானதும் ஸ்டீராய்டுதான். ஆய்வுக்கூடங்கள் இன்னும் தயங்கித் தயங்கிச் செய்து பார்க்கும் ஒரு காரியத்தை, செக்காலை ரோட்டில் கூட்டம் அதிகமான ஒரு மாலையில் ஆளுக்கு மூன்று நிமிஷம் ஒதுக்கிச் செய்துகொண்டிருக்கிறோம்.

கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். உங்களில் பலருக்கு இது எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டில் படித்தது. ஆனால் இதில் முக்கியமான சில விஷயங்கள் நீங்கள் படித்து முடித்த பிறகுதான் தெரியவந்தன.

இன்ஃப்ளுயன்சா ஏ வைரஸிடம் இருப்பது எட்டுத் துண்டு ஆர்என்ஏ (அதன் மரபுச் செய்தி), அதிலிருந்து உருவாகும் பத்துப் பன்னிரண்டு சொச்சம் புரதங்கள். நம்மிடமோ புரதம் செய்யும் மரபணுக்கள் மட்டும் ஏறத்தாழ 20,000. இத்தனை சின்ன முதலை வைத்துக்கொண்டு அது எப்படிப் பிழைக்கிறது? கையை வீசிக்கொண்டு வந்து நம் வளவில் இறங்கி, நம் அடுப்படி, நம் அண்டா, நம் ஆட்களை வைத்தே நூறு பந்திக்குச் சமைக்கிற விருந்தாளி மாதிரிதான். 2010ஆம் ஆண்டு இரண்டு ஆய்வுக் குழுக்கள் மனித மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்து, எதையெல்லாம் அடக்கினால் இந்த வைரஸ் திணறுகிறது என்று பட்டியல் போட்டன. ஒரு குழுவுக்கு 287 மரபணுக்கள், மற்றொன்றுக்கு 295. இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருந்தவை கொஞ்சம்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் திசை தெளிவாகிவிட்டது. இந்த நோயில் பாதி வேலையைச் செய்வது நம் உடம்புதான்.

வாசலிலேயே தொடங்குகிறது. வைரஸின் மேலுள்ள ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் நம் மூச்சுக்குழாய்ச் செல்களின் மேலிருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்தால் மட்டும் போதாது. அந்த ஹீமக்ளூட்டினினை ஓர் இடத்தில் வெட்டிவிட்டால்தான் அது செல்லுக்குள் நுழையும் தகுதி பெறும். வெட்டும் கருவி வைரஸிடம் கிடையாது, நம்மிடம் இருக்கிறது. டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்று ஒரு நொதி, நம் மூச்சுப்பாதைச் செல்களின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. 2013, 2014இல் இந்த நொதி இல்லாத எலிகளை உருவாக்கி எச்1என்1, எச்7என்9 என்ற இன்ஃப்ளுயன்சா வகைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் பெரிதாகப் படுக்கவில்லை. அதைவிட ஆச்சரியம், அந்த நொதி இல்லாமலே அவை மற்றபடி நன்றாகத்தான் இருந்தன. அப்படியானால் இதை அடைக்கும் மருந்து ஒன்று கண்டுபிடித்தால் காரியம் முடிந்தது என்று தோன்றும். ஆனால் எச்3என்2 வகைக்கு இதே எலிகளில் அந்தப் பாதுகாப்பு சரியாகக் கிடைக்கவில்லை. அது வேறு நொதியைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு சேதி: இந்த டிஎம்பிஆர்எஸ்எஸ்2ஐத்தான் பிற்பாடு கொரோனா வைரஸும் பயன்படுத்தியது. ஜப்பானில் கணைய அழற்சிக்குக் கொடுத்துவரும் கேமோஸ்டேட் என்ற மருந்து இதை அடைக்கும். ஆய்வகத்தில் பிரமாதமாக வேலை செய்தது. கொரோனா நோயாளிகளிடம் சோதித்தபோது பலன் தெரியவில்லை.

இந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் புரதத்தைத் தொடும் எல்லா மருந்துகளிலும் இதே சங்கதி திரும்பத் திரும்ப வருகிறது. செல்லில் கேட்கும், எலியில் கேட்கும், ஆளில் கேட்காது.

உள்ளே நுழைந்த பிறகு வைரஸின் ஆர்என்ஏ நம் செல்லின் உட்கருவுக்குப் போகிறது. அங்கே அது செய்வது சுத்தமான திருட்டு. நம் செல் தன் தூது ஆர்என்ஏக்களின் தலையில் ஒரு தொப்பி வைக்கும். அந்தத் தொப்பி இருந்தால்தான் புரதம் செய்ய முடியும். வைரஸ் அந்தத் தொப்பியைத் தலையோடு வெட்டி எடுத்துத் தன் ஆர்என்ஏவுக்கு வைத்துக்கொள்கிறது. 2018இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற பலோக்சவிர் மருந்து தடுப்பது இந்த வெட்டைத்தான். ஆனால் அது அடிப்பது நம் புரதத்தை அல்ல, வைரஸின் வெட்டுகருவியை. அதனால்தான் ஒரே ஒரு அமினோ அமிலத்தை (புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி) மாற்றிக்கொண்டு வைரஸ் அதற்கும் கொஞ்சம் தப்பிக்கக் கற்றுக்கொண்டது.

அதே உட்கருவில் ஏஎன்பி32 என்று ஒரு புரதக் குடும்பம். அது இல்லாமல் வைரஸின் நகலெடுக்கும் இயந்திரம் ஓடாது. பறவைகளின் ஏஎன்பி32ஏ புரதம் நம்முடையதைவிட 33 அமினோ அமிலம் நீளமானது. பறவைக் காய்ச்சல் வைரஸ் அதற்குப் பழகிப்போனது. அதனால்தான் கோழியில் கொழிக்கும் வைரஸ் மனிதனிடம் வந்தால் முதலில் தடுமாறுகிறது. தன் புரதத்தில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்ட பிறகுதான் நம்மிடம் சரியாகப் பெருக முடிகிறது. 2016இல் இந்தப் புதிர் அவிழ்ந்தது. 2023இல் பிரிட்டனில் அந்தப் புரதத்தைத் திருத்திய கோழிகளையே வளர்த்துக் காட்டினார்கள். சாதாரண அளவு வைரஸ் கொடுத்தபோது பத்தில் ஒன்பது கோழிக்குத் தொற்றவில்லை. ஆயிரம் மடங்கு கூட்டிக் கொடுத்தபோது பாதிக் கோழிக்குத் தொற்றியது. அந்த வைரஸ்களைப் பரிசோதித்தால், இந்தக் கதவு மூடியதும் அதே குடும்பத்தின் வேறு இரண்டு புரதங்களைப் பயன்படுத்த அவை கற்றுக்கொண்டிருந்தன. (நாட்டுக்கோழி வறுவல் பிரியர்கள் பயப்பட வேண்டாம், அந்தக் கோழிகள் ஆய்வகத்தைத் தாண்டவில்லை.)

இதுவரை சொன்னது வைரஸுக்கு உதவும் புரதங்கள். நம்மைக் காக்கும் புரதங்களும் அதே செல்லில்தான் இருக்கின்றன. இந்த மடல் முக்கியமாக அவற்றைப் பற்றியது.

1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் என்ற இருவர், செயலிழக்கச் செய்த இன்ஃப்ளுயன்சா வைரஸைக் கோழிமுட்டைச் சவ்வில் போட்டுப் பார்த்தபோது, அந்தச் செல்கள் ஏதோ ஒரு பொருளைச் சுரப்பதையும், அந்தப் பொருள் மற்ற செல்களையும் வைரஸிடமிருந்து காப்பதையும் கண்டார்கள். அதுதான் இன்டர்ஃபெரான். ஆக, நம் உடம்பின் முதல் காவல் புரதம் கண்டுபிடிக்கப்பட்டதே இந்த வைரஸை வைத்துத்தான். இன்டர்ஃபெரான் தானே போய்ச் சண்டை போடாது. பக்கத்துச் செல்களில் நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தட்டி எழுப்பும். அப்படி எழுவதில் ஒன்று எம்எக்ஸ்ஏ. வைரஸின் ஆர்என்ஏ உறையைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. மற்றொன்று ஐஎஃப்ஐடிஎம்3. வைரஸ் செல்லுக்குள் உருகி நுழையும் கட்டத்திலேயே தடுக்கிறது. இந்தப் புரதம் இல்லாத எலிகள், சாதாரணமாகத் தாங்கக்கூடிய இன்ஃப்ளுயன்சாவுக்கே மோசமாக விழுந்தன. 2009 பன்றிக் காய்ச்சல் சமயத்தில் பிரிட்டனில் மருத்துவமனையில் சேர வேண்டிவந்தவர்களிடம் இந்த மரபணுவின் ஒரு மாற்று வடிவம் கூடுதலாக இருந்ததாக 2012இல் ஆய்வு வெளியானது. பிறகு வந்த ஆய்வுகளில் சில ஒத்துப்போயின, சில ஒத்துப்போகவில்லை. ஆனாலும் ஒரே வீட்டில் ஒரே வைரஸ் வந்து பேரன் இரண்டு நாளில் எழுந்து ஓட, அப்பத்தா ஐசியூவில் கிடப்பதற்கு வயது, சர்க்கரை நோய் மட்டும் காரணமில்லாமல் இருக்கலாம் என்று அது யோசிக்க வைத்தது.

இந்தக் காவலை முடக்க வைரஸ் என்ன செய்கிறது? என்எஸ்1 என்று ஒரு புரதம் வைத்திருக்கிறது. அதன் முக்கியமான வேலையே செல் இன்டர்ஃபெரான் சுரப்பதை அமுக்குவது. தன்னிடம் இருக்கும் பத்துப் பன்னிரண்டு புரதத்தில் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது என்றால் இன்டர்ஃபெரானைக் கண்டு அது எவ்வளவு அஞ்சுகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

சரி, இப்போது டெக்சாமெதசோனுக்கு வருவோம். அது நம் செல்லுக்குள் இருக்கும் குளுகோகார்டிகாய்டு ஏற்பி என்ற புரதத்தோடு சேர்ந்து உட்கருவுக்குள் போய், அழற்சி மரபணுக்களை வரிசையாக அடக்குகிறது. காய்ச்சல் இறங்குகிறது. உடம்புவலி போகிறது. பசி எடுக்கிறது. நோயாளி மறுநாள் எழுந்து நடமாடுகிறார். "டாக்டர் கை ராசி, ஒரே ஊசியில் கேட்டிருச்சு" என்று ஊரெல்லாம் சொல்கிறார். ஆனால் அடங்கியது வைரஸ் இல்லை. வைரஸ் வந்திருக்கிறது என்று உடம்பு எழுப்பிய கூச்சல்தான் அடங்கியது. அதோடு இன்டர்ஃபெரான் எழுப்பும் காவலும் சேர்ந்து மந்தமாகிறது. ஸ்டீராய்டு கொடுத்தபோது இன்ஃப்ளுயன்சா வைரஸ் கூடுதலாகப் பெருகியதை ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள். வைரஸ் தன் என்எஸ்1 புரதத்தை வைத்துச் செய்யப் பார்க்கும் வேலையில் ஒரு பகுதியை நாம் ஊசியில் ஏற்றிக் கொடுக்கிறோம் என்றுதான் இதை என்னால் பார்க்க முடிகிறது.

உங்கள் பக்கத்து வாதம் எனக்குத் தெரியும். "கடுமையான இன்ஃப்ளுயன்சாவில் நுரையீரலைக் கெடுப்பது வைரஸ் மட்டுமில்லையே, உடம்பின் சொந்த அழற்சிப் புரதங்கள்தானே? அதை அடக்கினால் நல்லதுதானே?" கேள்வி சரிதான். ஐஎல்-6, டிஎன்எஃப் போன்ற அழற்சிப் புரதங்கள் வெள்ளமாகப் பெருகி நுரையீரல் நீர்கோத்துப்போவது உண்மை. பறவைக் காய்ச்சலில் இறந்தவர்களிடம் இது மிகத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்த வாதத்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த இடமெல்லாம் ஏமாற்றம்தான். ஸ்டீராய்டு பெற்ற இன்ஃப்ளுயன்சா நோயாளிகளில் இறப்பு கூடுதலாக இருந்ததாகவே பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. அவற்றில் ஒரு குறை உண்டு, மோசமாக இருந்தவர்களுக்குத்தான் ஸ்டீராய்டு கொடுத்திருப்பார்கள், அதனாலேயே இறப்பு கூடுதலாகத் தெரியலாம். அதனால் கேடு நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பலன் உண்டு என்று உறுதியான சோதனை எதுவும் காட்டவில்லை. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டுதலும் உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலும், வேறு காரணம் இல்லாவிட்டால் இன்ஃப்ளுயன்சாவுக்கென்று ஸ்டீராய்டு வேண்டாம் என்ற பக்கமே நிற்கின்றன. அதுவும் மருத்துவமனையில் படுத்திருக்கும் கடுமையான நோயாளிகளுக்கே இந்தப் பேச்சு. டூவீலரில் வந்து டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு எதற்கு?

"கொரோனாவுக்கு அதைத்தானே கொடுத்துக் காப்பாற்றினோம்?" உண்மை. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி சோதனை முடிவு வந்தது. தினம் 6 மில்லிகிராம் டெக்சாமெதசோன் கொடுத்ததில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் வைத்திருந்தவர்களின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது. அதே சோதனை இன்னொன்றும் சொன்னது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை, கெடுதலாகக்கூட இருக்கலாம். முதல் பாதி காரைக்குடி முதல் கன்னியாகுமரி வரை எல்லா மருந்துக்கடைக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் பாதி வழியிலேயே தொலைந்துபோனது. 2021இல் சர்க்கரை நோயாளிகளுக்கு வந்த கருப்புப் பூஞ்சையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கட்டுப்பாடில்லாத சர்க்கரையோடு, தேவையில்லாமலும் கூடுதல் நாளும் கொடுத்த ஸ்டீராய்டுக்கும் அதில் பங்கு இருந்தது.

சர்க்கரையைப் பற்றிச் சொன்னதால் ஒன்று. நம் ஊர்களின் பெரிய வீடுகளில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை நடந்து போகவே மூச்சு வாங்கும் வயதில் ஒரு ஆச்சி, துணைக்கு ஒரு வேலைக்காரம்மா. ஆச்சிக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருக்கும். எங்கள் தெருவிலேயே அப்படி ஒருவர். காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தார், அன்று சாயங்காலம் தெளிவாக இருந்தார், அடுத்த நாளும் போய்ப் போட்டுக்கொண்டார். அப்புறம் மூச்சுத்திணறல், எகிறிப்போன சர்க்கரை, ஆம்புலன்ஸ். பிழைத்துவிட்டார். ஊசியால்தான் இப்படி ஆனது என்று என்னால் சொல்ல முடியாது, அந்த வயதில் இன்ஃப்ளுயன்சாவே போதும். ஆனால் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் "என்ன ஊசி போட்டீங்க?" என்று கேட்டபோது சொல்வதற்கு எங்களிடம் ஒரு சீட்டுகூட இல்லை. எனக்கு அந்தக் கிளினிக் மேலுள்ள கோபம் ஊசியைவிட இதற்குத்தான்.

நோயாளிகள் தரும் நெருக்கடியையும் நான் பார்த்திருக்கிறேன். "நாளைக்குப் பொண்ணு அழைப்பு இருக்கு, சட்டுனு கேக்குற மாதிரி ஒண்ணு போடுங்க" என்று உட்கார்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? போடாவிட்டால் அடுத்த தெருக் கிளினிக்குக்குப் போய்விடுவார். தைமாதம் குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் காவடியோடு பாதயாத்திரை கிளம்பும்போதும் இதே கதைதான். சிங்கம்புணரி தாண்டுவதற்குள் ஒருவருக்குக் காய்ச்சல் வரும். நேர்த்திக்கடன், நின்றுவிட மனசு வராது. வழியில் எங்காவது ஓர் ஊசி போட்டுக்கொண்டு நத்தம் வரை நடந்துவிடுவார். கூட்டமாகத் தங்கி, கூட்டமாகச் சாப்பிட்டு, கூட்டமாகத் தூங்கும் இடத்தில், காய்ச்சலை மறைத்துக்கொண்டு வைரஸைத் தூக்கி நடக்கிற ஒருவர் என்ன செய்வார் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஸ்டீராய்டு பெற்ற நோயாளிகளிடமிருந்து வைரஸ் கூடுதல் நாள் வெளிவருவதை மருத்துவமனை ஆய்வுகளே பதிவு செய்திருக்கின்றன.

அப்படியானால் என்ன கொடுப்பது? பெரும்பாலானவர்களுக்குப் பாரசிட்டமால், தண்ணீர், ஓய்வு. இதைச் சொல்லி ஃபீஸ் வாங்குவது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஆன்டிபயாடிக் வைரஸின் பக்கமே போகாது, மேலே பாக்டீரியா நிமோனியா சேர்ந்தால்தான் அதற்கு வேலை. ஆனால் 65 தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, இதய, சிறுநீரக, நுரையீரல் நோயாளிகள், சின்னக் குழந்தைகள் ஆகியோருக்கு இன்ஃப்ளுயன்சா என்று சந்தேகம் வந்தாலே ஓசல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை யோசியுங்கள். மத்திய சுகாதார அமைச்சகம் 2009 பன்றிக் காய்ச்சல் சமயத்தில் கொடுத்த ஏ, பி, சி பிரிவு முறையிலும் இவர்கள் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லாத பி பிரிவில்தான் வருகிறார்கள். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன். நம் ஊரில் அந்த 48 மணி நேரத்தைத்தான் ஸ்டீராய்டு ஊசியின் பொய்த் தெளிவு விழுங்கிவிடுகிறது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் என்றால் சி பிரிவு, நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

ஓசல்டமிவிர் குறையில்லாத மருந்து என்று சொல்லமாட்டேன். 1999இல் வந்தது, 2007க்கும் 2009க்கும் நடுவில் அன்று உலவிய பருவகால எச்1என்1 வைரஸ் ஒரே ஒரு மாற்றத்தால் அதற்கு ஏறக்குறைய முழுவதுமாகத் தப்பித்துக்கொண்டது. பிறகு 2009இன் புது வைரஸ் வந்து பழையதை விரட்டியதால்தான் மருந்து பிழைத்தது. அதற்கு முன்னால் 1966இலிருந்து இருந்த அமன்டடின் இப்போது முழுக்கச் செல்லாக்காசு. வைரஸை அடிக்கும் மருந்துகளின் இந்த வரலாறுதான் ஆராய்ச்சியாளர்களை நம் புரதங்களின் பக்கம் திருப்பியது. வைரஸ் தன்னை மாற்றிக்கொள்ளலாம், நம் புரதத்தை அது மாற்ற முடியாது என்பது அவர்கள் கணக்கு. கோழி விஷயத்தில் பார்த்தபடி அந்தக் கணக்கும் முழுக்கச் சரியில்லை. இருந்தாலும் நல்ல கணக்கு, நான் அதன் கட்சிதான். அதில் வெற்றி கிடைக்க வேண்டுமானால் எந்தப் புரதம், எந்தக் கட்டம், எத்தனை நாள் என்று துல்லியமாகக் குறிவைக்க வேண்டும். ஸ்டீராய்டு குறிவைப்பதில்லை.

ஒரு சுவாரசியம் சொல்ல மறந்துவிட்டேன். ஓசல்டமிவிர் விழுங்கும்போது மருந்தே இல்லை. நம் கல்லீரலில் இருக்கும் கார்பாக்சிலெஸ்டரேஸ்1 என்ற நொதி அதை வெட்டிய பிறகுதான் மருந்தாகிறது. வைரஸின் ஹீமக்ளூட்டினினை வெட்டிக்கொடுப்பதும் நம் நொதி, அந்த வைரஸுக்கான மருந்தை வெட்டிக்கொடுப்பதும் நம் நொதி. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மருந்துக்கடை அண்ணன்மாருக்குத் தனியாகச் சில வார்த்தைகள். ஸ்டீராய்டு மாத்திரைகள் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவை என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "காய்ச்சலுக்கு ஒரு செட் கொடுங்க" என்று வருகிறவரின் கவரில் அந்தச் சின்ன மாத்திரையை வைக்காதீர்கள். விலை மலிவு, உடனே கேட்கும், ஆள் திரும்ப உங்கள் கடைக்கே வருவார், எல்லாம் சரிதான். ஆனால் அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் கேட்டீர்களா? ஓசல்டமிவிர் முன்பு தனி உரிமம் வேண்டிய ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் இருந்ததால் அப்போது பெரும்பாலான கடைகளில் கிடைக்காது. 2017இல் அதை எச்1 பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். சீட்டைப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, எந்தக் கடையும் விற்கலாம். மழைக்கு முன்னாடியே கொஞ்சம் வாங்கி வையுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மதுரைக்கு ஆள் அனுப்பும் நிலை வேண்டாம்.

டாக்டர்களிடம் நான் கேட்பது இதுதான். ஊசியின் பெயரைச் சீட்டில் எழுதுங்கள். கவரில் போடும் மாத்திரைகளின் பெயரையும் எழுதுங்கள், கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை. ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு) போன்ற காரணத்துக்காக ஸ்டீராய்டு தேவைப்படுகிறவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள், ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்குத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து. அது உங்கள் தொழில், நான் சொல்ல ஒன்றுமில்லை. வெறும் காய்ச்சலுக்கு மட்டும் வேண்டாம். வயதான சர்க்கரை நோயாளி வந்தால் ஐப்பசிக்கு முன்னால் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஆன்டிபாடி என்ற இன்னொரு வகைச் சொந்தக் காவல் புரதங்களை முன்கூட்டியே தயார்ப்படுத்த நம்மிடம் இருக்கும் நல்ல வழி இன்றைக்கும் அதுதான். நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நான் சொன்னால் "டீச்சருக்கு எல்லாத்துலயும் ஒரு பாடம்" என்பார்கள்.

பாதயாத்திரை மருத்துவ முகாம் நடத்தும் அன்பர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் மருந்துப் பெட்டியில் டெக்சாமெதசோன் ஆம்பூல் இருக்கட்டும், கடுமையான ஒவ்வாமைக்கும் மூச்சிரைப்புக்கும் டாக்டர் கேட்பார். காய்ச்சல் வந்தவருக்கு மாஸ்க், பாரசிட்டமால், பழநிக்கு ஒரு பஸ் டிக்கெட். காவடியை உறவினர் யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

நோயாளிகளிடம் பேசும் சிரமத்தைக் குறைக்க என் மாணவர்கள் ஒரு பக்கத் தாள் தயார் செய்திருக்கிறார்கள். "இந்தக் காய்ச்சலுக்கு ஏன் உடனடி ஊசி இல்லை" என்று பெரிய எழுத்தில், படத்தோடு, நம் பேச்சுத் தமிழில். உங்கள் காத்திருக்கும் அறையிலோ கடை முகப்பிலோ ஒட்டிக்கொள்ளலாம். அதில் தப்பு இருந்தால் சிவப்புப் பேனாவில் திருத்திக் கொடுங்கள், மாற்றி அச்சடிக்கிறோம். ஆவணி முடிவதற்குள் செக்காலை, கழனிவாசல், கல்லுக்கட்டிப் பக்கக் கடைகளுக்கு நாங்களே கொண்டுவந்து தருகிறோம். தேவகோட்டைக்கும் பள்ளத்தூருக்கும் அடுத்த வாரங்களில் வருவோம்.

இப்படிக்கு,
ஓர் உயிர்வேதியியல் ஆசிரியை,
காரைக்குடி